கேட்டைத் தாண்டாத ரொட்டி

மைமூன் சுட்ட ரொட்டியை முகத்துக்கு நேரே குறை சொன்ன முதல் ஆள் மணியம்மாதான். அதையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கடை நிறையப் பெண்கள் அரிசிக்கும் கருவாட்டுக்கும் காத்து நின்றபோது சொன்னாள்.

"உங்க ரொட்டியில என்ன இருக்கு பாயம்மா? மேல சீனி, உள்ள காத்து. அவ்வளவுதான் லா. எம்மவ ருக்குமணி அதத் தின்னுட்டு மத்தியானம் வீட்டுக்கு வர்றா, முகத்தப் பாத்தா மூணு நாளு பட்டினி கெடந்த மாதிரி இருக்கு."

தராசுத் தட்டில் அரிசி போட்டுக்கொண்டிருந்த மைமூனின் கணவர் சேக் தாவூத் தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் சுபாவம் அப்படி. எதிரில் புலி வந்தாலும் முதலில் அதனிடம் பெர்மிட் இருக்கிறதா என்று கேட்கக்கூடிய மனிதர். ஆனால் மைமூன் அவரைப்போல இல்லை. தாப்பாவில் ரொட்டிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். அவள் அத்தா சுட்ட ரொட்டிக்கு ரயில்வே ஸ்டேஷன் வரை பெயர் உண்டு. கல்யாணமாகி இந்தக் குளிர்மலைக்கு வந்து, கடைக்குப் பின்னால் தானே செங்கல் அடுக்கி அடுப்புக் கட்டிக்கொண்டவள். மலைக்குளிரில் மாவு சீக்கிரம் பொங்காது. அதற்காக முந்தின நாள் மாவில் ஓர் உருண்டையை எடுத்து வைத்து, புதுமாவோடு பிசைந்து, பழைய கம்பளியைப் போர்த்தி அடுப்போரம் படுக்க வைப்பாள். பெற்ற பிள்ளையைக்கூட அவ்வளவு பத்திரமாகத் தூங்க வைத்ததில்லை என்று தாவூத் கேலி செய்வார்.

அப்படிப்பட்டவளிடம் போய்க் காற்று என்றால்?

"உனக்கு வாய் நீளம் மணியம்மா," என்றாள் மைமூன். "பஞ்சு மாதிரி இருக்குன்னு மத்தவங்க சொல்றாங்க."

"பஞ்சுதான். அதான் சொல்றேன். பஞ்சத் தின்னா வயிறு நெறயுமா?"

இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். மைமூனுக்குக் காது சுட்டது.

பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி போகத் தொடங்கியது மலாயாவில் வெள்ளைக்காரன் எமர்ஜென்சி கொண்டுவந்த பிறகுதான். அதற்கு முன்னால் தோட்டத்தில் அவரவர் சாப்பாடு அவரவர் கையில் இருந்தது. பெண்கள் தூக்குச்சட்டியோடு தேயிலைக்குப் போவார்கள். பிள்ளைகளுக்கும் ஒரு கிண்ணத்தில் கஞ்சியோ பழைய சோறோ கட்டிக் கொடுத்துவிடுவார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக்கூடாது என்று சட்டம் வந்ததும் எல்லாம் மாறிப்போனது. தொழிலாளர் லயங்களையும் கடையையும் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். கேட்டில் துப்பாக்கியோடு காவல் நின்றது. கடையில் விற்கும் சார்டின் டின்னைக்கூட ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதை அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும், ஒளித்து வைக்க முடியாது. வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு போகக்கூடாது. பெண்கள் விடியற்காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்குப் போகுமுன் அள்ளிப் போட்டுக்கொண்டு போனால், திரும்பி வரும்வரை பச்சைத் தண்ணீர்தான்.

பள்ளிக்கூடமோ வேலிக்கு வெளியே, பேக்டரிக்கு மேலே, மேட்டின் உச்சியில் இருந்தது. பிள்ளைகள் பசியில் சுருண்டு விழுந்ததைப் பார்த்துத் தோட்டத் துரை ஒரு பெர்மிட் வாங்கிக் கொடுத்தார். தினமும் காலை ஒரு கூடை ரொட்டி மட்டும் கேட்டைத் தாண்டலாம். அந்த ரொட்டியைச் சுடும் வேலை சேக் தாவூத் கடைக்கு வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தன் கையால் சுட்டதைத் தின்கிறார்கள் என்பதில் மைமூனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பெருமையைத்தான் மணியம்மா ஊசி வைத்துக் குத்திவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் மைமூன் தன் மகள் ரொஹானாவைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள்.

"உண்மையச் சொல்லு. நம்ம ரொட்டி நல்லா இல்லையா?"

"நல்லாத்தான்மா இருக்கு. இனிப்பா."

"தின்னா பசி அடங்குதா?"

"எனக்கு அடங்கும். நான்தான் வீட்டுல முட்ட தின்னுட்டுப் போறேனே. ருக்கு, கந்தன் எல்லாம் தின்ன ஒடனே கத்திக்கிட்டு ஓடுவாங்க. அப்புறம் வாத்தியார் கணக்கு எழுதிப் போடுறப்ப அப்படியே பலகையில தல வச்சிப் படுத்துருவாங்க. வாத்தியார் அடிக்க மாட்டாரு. பாவம்னு வுட்டுருவாரு."

மைமூன் மகளைப் பார்த்தாள். கடைக்காரன் பிள்ளை. கன்னம் உப்பி, கண் பளிச்சென்று இருந்தது. இத்தனை நாளும் இந்தக் கன்னத்தை வைத்துத்தான் தன் ரொட்டிக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அந்தக் கோபத்தோடேயே எழுந்து போய், மூலையில் இருந்த மொச்சைக்கொட்டைச் சாக்கை அவிழ்த்தாள்.

மறுநாள் ரொட்டிக்குள் காற்று இல்லை. வேகவைத்து மசித்த மொச்சை, சின்ன வெங்காயம், வறுத்துப் பொடித்த நெத்திலி, அவித்த முட்டை. அதற்கு மறுநாள் பச்சைப்பயறும் தேங்காயும். ஓட்டை போட்டுத் தரவேண்டும் என்றானதும் யாரும் வாங்காமல் அலமாரியில் தூங்கிய சார்டின் டின்களை மைமூன் தானே உடைத்து, எலும்போடு பிசைந்து, மிளகாய் அதிகமில்லாமல் வதக்கினாள். வெள்ளிக்கிழமைகளில் லயத்தில் பாதி வீடுகளில் மீன் தொடமாட்டார்கள். அதனால் அன்றைக்கு உருளைக்கிழங்கும் கடலைப்பருப்பும் வைத்தாள். கியா பார்ம் காய்கறித் தோட்டங்களிலிருந்து லோரியில் இறங்கும் கீரையை ஒரு நாள் வைத்துப் பார்த்தாள். பிள்ளைகள் கீரையை நோண்டி எடுத்துப் போட்டுவிட்டதாக ரொஹானா வந்து சொன்னாள். அடுத்த தடவை அதே கீரையை முட்டையோடு கலந்து கண்டுபிடிக்க முடியாமல் வைத்தாள்.

மேலே மட்டும் பழையபடி சீனி தூவினாள். பார்வைக்கு அதே ரொட்டிதான். கணவனிடம் மூச்சு விடவில்லை. அவர்தான் தினமும் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மேட்டுக்குத் தள்ளிப்போகிறவர்.

"என்னா மைமூன், கூட கனக்குது?"

"உங்களுக்கு வயசாவுது."

வாத்தியார் நாகரத்தினம் ஒருநாள் கடைக்கு வந்து, வெற்றிலை வாங்குவது போல நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பாயம்மா, நீங்க என்ன செய்றீங்கன்னு எனக்குத் தெரியும். நான் கேக்கல. ஆனா பிள்ளைங்க இப்பல்லாம் கடைசி மணி வரைக்கும் முழிச்சிருக்காங்க. ருக்குமணி வாய்ப்பாடு முழுசும் ஒப்பிச்சிட்டா. எனக்குத்தான் இப்ப தூக்கம் வருது."

அன்றைக்கு மைமூனின் நடையே வேறாக இருந்தது. அடுப்பில் விறகு தள்ளும்போதும், மாவைத் தட்டும்போதும் ஏதோ ஒரு பாட்டு வாயில் முணுமுணுத்தது. மணியம்மா கடைக்கு வந்து உப்பு வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மைமூனுக்குப் போதுமானதாக இருந்தது.

எல்லாம் மழைக்காலம் தொடங்கும் வரைதான் நடந்தது. கோலா தெர்லா பக்கம் யாரோ முட்டைக்கோசுக்குள் அரிசியைத் திணித்துக் காட்டுக்கு அனுப்பிப் பிடிபட்டார்கள் என்று பேச்சு வந்தது. உண்மையோ பொய்யோ, மறுநாளிலிருந்து கேட்டில் நின்ற காவல்காரர்களின் கையில் கூரான கம்பி ஒன்று வந்துவிட்டது. சாக்கு, கூடை, விறகுக்கட்டு, எதைக் கண்டாலும் குத்திப் பார்த்தார்கள்.

கேட்டுக் காவலுக்கு இருந்த மலாய்க்காரன் மூசா நல்ல பையன்தான். பாய் என்றால் மரியாதை. ஆனால் அன்றைக்கு அவன் பின்னால் ஜீப்பில் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூசா கூடையின் துணியை விலக்கி, மேலே இருந்த ரொட்டியில் கம்பியை இறக்கினான். கம்பி வெளியே வந்தபோது அதன் நுனியில் மொச்சையும் மீனும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அபா இனி, பாய்?" என்றான் மூசா. இது என்ன என்று மலாயில் கேட்டான். தாவூத்தின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் தெரியாது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

விஷயம் கடைக்கு வருவதற்குள் தாவூத்தை ஜீப்பின் பின்னால் ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள். மைமூன் முழங்கை வரை மாவோடு ஓடினாள். முக்காடு நழுவியதைக்கூட மாவுக்கையாலேயே இழுத்து விட்டுக்கொண்டாள். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ராமசாமி ஏற்கெனவே மொழிபெயர்க்க வந்து நின்றார்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது கிராணியாரே! நான்தான் வச்சேன். நான்தான் சுட்டேன். புடிச்சா என்னப் புடிக்கச் சொல்லுங்க."

ராமசாமி சொன்னார். அதிகாரி ரொட்டியைப் பிட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு விள்ளலை வாயில் போட்டு மெதுவாக மென்றார். அவர் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, புருஷனை ஏற்றி வைத்திருக்கும் அந்த நேரத்திலும், உப்பு சரியாக இருக்கிறதா என்று மைமூனுக்கு ஒரு கவலை வந்தது. வரத்தான் செய்தது.

அதிகாரி இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"யாருக்காகன்னு கேக்குறாரு."

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு. வேற யாருக்கு? எம்மவளும் அதத்தான் திங்கறா. வாத்தியாரக் கேக்கச் சொல்லுங்க."

மறுபடியும் இங்கிலீஷ். ராமசாமி மொழிபெயர்த்தார். "பாயம்மா, உங்கமேல சந்தேகமில்லங்கறாரு. ஆனா இந்த ரொட்டி வெளிய போகக்கூடாது. காட்டுல இருக்கறவன் கையில இது கெடச்சிட்டா, ரெண்டு தின்னுட்டு நாள் பூரா மலயேறி நடப்பானாம். அவ்வளவு சத்து இருக்காம்."

ஒரு கணம் மைமூனுக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. தாப்பா ரயில்வே ஸ்டேஷன் வரை பெயர் வாங்கிய அவள் அத்தாவுக்குக்கூட இப்படி ஒரு சர்ட்டிபிகேட்டை யாரும் கொடுத்ததில்லை.

"அப்ப பழைய ரொட்டி? வெறும் சீனி ரொட்டி?"

"அது போகலாமாம். அதத் தின்னுட்டு எவனும் மல ஏற முடியாதுன்னு சொல்றாரு."

மைமூன் கையை நீட்டி மேட்டைக் காட்டினாள். மழையில் வழுக்கும் செம்மண் பாதை தேயிலைக்கு நடுவே ஏறி ஏறிப் போய், பனிக்குள் மறைந்த இடத்தில் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை தெரிந்தது.

"கிராணியாரே, அவர்கிட்ட கேளுங்க. எவனும் மல ஏற முடியாத ரொட்டியத் தின்னுட்டுத்தான் எங்க பிள்ளைங்க தெனமும் அந்த மல ஏறணுமா?"

ராமசாமி தயங்கினார். பிறகு சொன்னார், முழுதாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அதிகாரி திரும்பி அந்தக் கூரையைப் பார்த்தார். பார்த்தாரே தவிர சட்டத்தைத் தள்ளவில்லை. தாவூத்தை விசாரிக்க வேண்டும் என்றார். ஜீப் ரிங்லெட் போலீஸ் ஸ்டேஷனை நோக்கி இறங்கியது. தாவூத் பின்னால் உட்கார்ந்தபடி ஒரு வார்த்தையும் பேசாமல் மனைவியையே பார்த்துக்கொண்டு போனார்.

அன்று மைமூன் அழுதாள். கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, ரொஹானாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். லைசென்ஸ் போனால் இந்த மலையில் அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. எமர்ஜென்சியில் சந்தேகத்தின்பேரில் கொண்டுபோனவர்கள் வருஷக்கணக்காகத் திரும்பாத கதைகள் எல்லா ஊரிலும் இருந்தன. லயத்துப் பெண்கள் வேலை முடிந்து வந்ததும் நேரே கடை வாசலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். யாரும் பெரிதாக ஆறுதல் சொல்லவில்லை. மணியம்மா அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து மைமூன் கையில் வைத்தாள்.

"என் வாயாலதானே எல்லாம் வந்துச்சு பாயம்மா."

"ஒன் வாய் இல்லன்னா எனக்குக் கண்ணு தெறந்திருக்காது. சும்மா இரு."

மறுநாள் மத்தியானம் காய்கறி லோரியில் தாவூத் வந்து இறங்கினார். சட்டை கசங்கியிருந்தது, முகம் கறுத்திருந்தது. ஆனால் முழுசாக வந்துவிட்டார். தோட்டத் துரை போன் செய்து சொன்னாராம். வழக்கு இல்லை, லைசென்ஸும் போகவில்லை. எச்சரிக்கை மட்டும் கொடுத்திருந்தார்கள்.

மைமூன் போட்ட சோற்றை அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு அவரே தொடங்கினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

"சரி. நடந்தது நடந்துபோச்சு. நாளைக்குச் சீனி ரொட்டியச் சுடு. கூட வெறுங்கூடயாப் போனா துரைக்கும் கோவம் வரும்."

"சுட மாட்டேன்."

"மைமூன்!"

"சுட மாட்டேங்க. அல்லா மேல ஆணையாச் சுட மாட்டேன். ஒண்ணும் தெரியாமச் சுட்டேன், அது வேற. இப்ப தெரிஞ்சி போச்சு. அந்த வெள்ளக்காரனே சொல்லிட்டான், அது எதுக்கும் ஒதவாத ரொட்டின்னு. அதக் கொண்டுபோயி அந்தப் பிள்ளைங்க கையில நீங்களே குடுப்பீங்களா? ருக்குமணி மூஞ்சப் பாத்துக் குடுப்பீங்களா?"

"அப்ப பட்டினி போடலாங்கறியா? காத்தாவது வயித்துல போவட்டுமே லா."

அது நியாயமான கேள்விதான். அவள் எழுந்து போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். கம்பளிக்குள் மாவு பொங்கிக் கிடந்தது. அதைத் தொடவில்லை. தோற்றுப்போனது போல இருந்தது, தோற்கவும் மனசில்லை.

தாவூத் வெகுநேரம் கடைக்குள் இப்படியும் அப்படியும் நடந்தார். எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது, எது எங்கே போகலாம் என்று இந்தச் சட்டங்களைப் பயத்தோடு படித்துப் படித்தே அவருக்கு எல்லாம் மனப்பாடம். நடந்தவர் ஓரிடத்தில் நின்றார். அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"மைமூன். ரொட்டி கேட்டத் தாண்டக்கூடாது. அதான் சட்டம்."

"தெரியும். திரும்பத் திரும்பச் சொல்லாதீங்க."

"முழுசாக் கேளு. ரொட்டிதான் தாண்டக்கூடாது. பிள்ளைங்க தாண்டலாம். தெனமும் வீட்டுக்கு வர்றாங்களே, அப்ப யாராவது நிறுத்துறாங்களா? அதுங்க இங்க எறங்கி வந்து, வேலிக்குள்ள ஒக்காந்து தின்னுட்டுத் திரும்பிப் போனா, எந்தச் சட்டத்துல தப்பு?"

மைமூன் திரும்பிப் பார்த்தாள். அடுப்பு வெளிச்சத்தில் நின்ற அந்த ஒல்லி மனிதரை, ஜீப்பின் பின்னால் வாய் திறக்காமல் போனவரை, புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"துரைகிட்ட யாரு போய்க் கேக்கறது?"

"நான்தான் கேக்கணும். லைசென்ஸ் எம்பேர்லதானே இருக்கு," என்றார் தாவூத். மறுநாள் காலையிலேயே, பெட்டியிலிருந்த பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, துரை பங்களாவுக்கு ஏறிவிட்டார்.

துரை கேட்டுவிட்டு முதலில் சிரித்தாராம். பிறகு வாத்தியாரைக் கூப்பிட்டு, பாடம் கெடாதா என்று கேட்டாராம். "தூங்கற பிள்ளைக்கு என்ன பாடம் ஐயா, வந்துட்டுப் போகட்டும்," என்று நாகரத்தினம் சொல்லியிருக்கிறார். போலீஸ் அதிகாரி ஒரே நிபந்தனை போட்டார். திரும்பிப் போகும்போது ஒவ்வொரு பிள்ளையும் கேட்டில் கையை விரித்து, பையைத் திறந்து காட்ட வேண்டும். வாயில் எதையும் அடக்கிக்கொண்டு போகக்கூடாது.

திங்கட்கிழமை காலை. இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்து, மலைமேல் பனி இன்னும் கலையாமல் கிடந்தது. மைமூன் கடை முன்னால் சாக்குகளை விரித்து வைத்திருந்தாள். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி கூடையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மேலே சீனி தூவவில்லை. இனிமேல் யாருக்கு ஒளிக்க வேண்டும்? உள்ளே இருந்தது தெரியட்டும் என்று ஒவ்வொரு ரொட்டியின் நடுவிலும் கத்தியால் ஒரு கீறல் போட்டிருந்தாள்.

முதலில் சத்தம்தான் வந்தது. பிள்ளைகள் வாய்ப்பாட்டைக் கூவிக்கொண்டே இறங்கினார்கள். அப்புறம் தேயிலைக்கு நடுவே சின்னச் சின்னத் தலைகளாக வரிசை தெரிந்தது. முன்னால் வாத்தியார் குடையோடு வந்தார். மூசா கேட்டை அகலமாகத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். தாவூத் தேத்தண்ணி ஊற்றினார். மைமூன் ஒவ்வொரு கையாகப் பார்த்துப் பார்த்து ரொட்டி வைத்தாள். அதுவரை அவள் சுட்டதை இந்தப் பிள்ளைகள் தின்பதை அவள் கண்ணால் கண்டதே இல்லை. ஒரு பயல் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். ருக்குமணி உள்ளே இருப்பதை முதலில் நக்கித் தீர்த்துவிட்டு, வெறும் ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றாள். தின்று முடித்துக் கையை நீட்டினாள். இன்னொன்று வைத்தபோது மைமூனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

திரும்பிப் போகும்போது கேட்டில் சோதனை நடந்தது. பிள்ளைகள் உள்ளங்கையை விரித்துக் காட்டி, வாயை 'ஆ'வென்று திறந்து காட்டினார்கள். கந்தன் கன்னத்தில் கடைசி வாய் அடங்கியிருந்தது. மூசா விரலை ஆட்டினான். கந்தன் மென்று, விழுங்கி, மறுபடி வாயைத் திறந்தான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்த மூசா, "போலே, ஜாலான்," போகலாம், நட என்று பெரிய மனிதனுக்குச் சொல்வதுபோல மலாயில் சொல்லி வழிவிட்டான். மைமூன் வேலிக்கு இந்தப் பக்கம், கேட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது எதிர்ச் சரிவிலிருந்து ஒரு குரல் வந்தது. கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, பனிக்குள் இடுப்பளவு தேயிலையில் நின்றபடி மணியம்மா இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்.

"பாயம்மோவ்! இன்னிக்கு என்ன?"

மைமூன் மூச்சை இழுத்துக்கொண்டாள். மூசா பக்கத்தில் நிற்பதையோ, வாத்தியார் திரும்பிப் பார்ப்பதையோ அவள் கவனிக்கவில்லை.

"மொச்சையும் முட்டையும்! ஒம்மவ ரெண்டு தின்னா!"

பள்ளத்தாக்கு முழுவதும் அது கேட்டது. சரிவில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக முதுகை நிமிர்த்தினார்கள். கங்காணி நாகப்பன் கொழுந்தைப் பாருங்கள் என்று கீழிருந்து அதட்டினார். ஒருத்தியும் குனியவில்லை. பிள்ளைகளின் வரிசை மேட்டில் ஏறி, கடைசிப் பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்குள் போகும்வரை அவர்கள் நிமிர்ந்தபடியே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.